பாறை தெரியாத இடத்தில் கோடு போடுவது

நிலவியல் வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தால் முதலில் கண்ணில் படுவது வண்ணங்கள்தான். சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு நிறம், களிக்கல்லுக்கு ஒரு நிறம், அடியில் கிடக்கும் பழைய நைஸ் பாறைக்கு இன்னொன்று. நிறங்களைப் பிரிக்கும் கோடுகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவற்றில் மூன்று வகை உண்டு. இரண்டு பாறைகள் சந்திக்கும் இடத்தை நேரில் பார்த்து உறுதி செய்திருந்தால் முழுக்கோடு. ஏறக்குறைய இங்கேதான் என்றால் துண்டுக்கோடு. மேலே மண் மூடியிருக்க, அடியில் இப்படித்தான் ஓடும் என்று கணித்திருந்தால் புள்ளிக்கோடு. பல்கலைக்கழக மாணவரை ஆய்வாளராக்கும் வேலையில் பெரும்பகுதி, எந்த இடத்துக்கு எந்தக் கோடு என்று அவரே முடிவெடுக்கப் பழக்குவதுதான்.

இதை வகுப்பறையில் கற்றுத் தருவது கடினம். நம் கல்லூரி ஆய்வகங்களில் பாறை மாதிரிகள் எண் ஒட்டிய பெட்டிகளில் இருக்கும். பதினேழாம் எண் என்றால் சார்னோகைட், இருபத்திரண்டு என்றால் டியூனைட் என்று மூன்றாவது வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும். செய்முறைத் தேர்வு, அப்புறம் ஜாம், கேட் நுழைவுத் தேர்வுகள், யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எல்லாமே பெயரையும் வகையையும் விரைவாக அடையாளம் காண்பவருக்குச் சாதகமானவை. அதைக் குறை சொல்ல முடியாது. பெயர் தெரியாமல் யாரும் பாறையைப் பற்றிப் பேசிவிட முடியாது. ஆனால் களத்தில் கிடக்கும் கல்லில் யாரும் எண் ஒட்டி வைத்திருப்பதில்லை. பாதி சிதைந்து, பாசி படிந்து, இரண்டு பாறைகளுக்கும் நடுவில் இருப்பது போலத் தோன்றும் ஒரு கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்குப் பாடத்திட்டத்தில் தனி அலகு கிடையாது.

அதனால்தான் களப்பயிற்சிக்கு இவ்வளவு முக்கியத்துவம். இந்தியா முழுவதிலிருந்தும் நிலவியல் துறைகள் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் கிரிட்டேசியஸ் காலப் படிவுகள். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, கடல் உள்ளே வந்தும் பின்வாங்கியும் விட்டுச்சென்ற மண்ணும் சேறும் சிப்பியும் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. கீழிருந்து மேலாக உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகள். அடுக்குகள் பொதுவாகக் கிழக்கு, தென்கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதால், மேற்கே நைஸ் பாறையில் தொடங்கிக் கிழக்கே நடந்தால் பழையதிலிருந்து புதியதை நோக்கிப் போகலாம். பயிற்சிக்கு இதைவிட வசதியான அமைப்பு அரிது.

இந்தப் பகுதியை முதன்முதலாக முறையாக வரைபடமாக்கியவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எச்.எஃப். பிளான்ஃபோர்ட். 1857 முதல் 1860 வரை களத்தில் அலைந்து, 1862இல் அறிக்கை வெளியிட்டார். மேலே சொன்ன மூன்று பிரிவுகளும் அவர் வகுத்தவை. திருத்தங்களோடு இன்றைக்கும் நிற்கின்றன. இதே மனிதர்தான் 1875இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர். இமயமலைப் பனியின் அளவை வைத்துப் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முயன்றவரும் அவரே. கல்லிலிருந்து மேகத்துக்குத் தாவியதாகப் பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் தகவல்களிலிருந்து இடையில் என்ன இருக்கும் என்று கணிப்பதே இரண்டு வேலையும் என்று பார்த்தால் அவ்வளவு வியப்பில்லை.

களப்பயிற்சியில் மாணவர் கையில் இருப்பவை கொஞ்சம்தான். இந்திய நில அளவைத் துறையின் டோபோஷீட் எனும் நிலவமைப்பு வரைபடம், காந்த ஊசியும் சாய்வுமானியும் சேர்ந்த காம்பஸ், சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சிறு புட்டி, குறிப்பேடு. இப்போது இவற்றோடு ஜி.பி.எஸ்.ஸும் கைபேசியும். இடுப்பில் சுத்தியலைச் செருகிக்கொண்டே காம்பஸைப் பாறைமேல் வைத்துத் திசை எடுக்கும் மாணவர் ஒவ்வொரு அணியிலும் ஒருவராவது இருப்பார். சுத்தியலின் இரும்பு காந்த ஊசியை இழுத்துவிடும், அளவு பிசகும். இதை வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள். ஒரே அடுக்கில் இரண்டு பேர் எடுத்த அளவு முப்பது பாகை வித்தியாசப்படும்போதுதான் மண்டையில் ஏறும்.

அரியலூர்ப் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் பாறை தெரியும் என்று நினைத்து வருபவர்களுக்கு முதல் நாளே ஏமாற்றம். பெரும்பாலும் கரிசல் மண், பருத்தி, மக்காச்சோளம். பாறை தெரிவது ஓடைக்கரையிலும் ஏரிப் படுகையிலும் சாலை வெட்டிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும்தான். மீதி முழுக்க மூடிக் கிடக்கிறது. இங்கேதான் பயிற்சி சூடு பிடிக்கும். மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது, வயலில் உழும்போது மேலே வரும் கல் எந்த வகை, அமிலம் விட்டால் சுண்ணாம்புக்கல்போல நுரைக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி கிணறு. கிணறு வெட்டியபோது வெளியே கொட்டிய கல்லும் மண்ணும் கரையிலேயே குவிந்திருக்கும். "எத்தனை அடியில பாறை தட்டுச்சுங்கய்யா?" என்று தோட்டக்காரரிடம் கேட்டால், எந்த ஆழத்தில் மஞ்சள் களி, எந்த ஆழத்தில் சிப்பிக்கல், எங்கே ஊற்று வந்தது என்று அவர் வரிசையாகச் சொல்வார். வெட்டுக்கூலி கொடுத்தவருக்கு அந்தக் கணக்கு மறக்காது. ஒரே நேர்க்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளில் ஒரே சிப்பிக்கல் அடுக்கு எந்த ஆழத்தில் வந்தது என்று தெரிந்து, அந்த மூன்று இடங்களின் தரை உயரமும் தெரிந்தால் போதும். அடுக்கு எந்தப் பக்கம், எத்தனை பாகை சாய்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்று பள்ளியில் படித்த வடிவியல்தான். அந்தச் சாய்வை வைத்து, அடுக்கு எங்கே தரைக்கு வரும் என்று கண்டு, பருத்திக் காட்டின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு போடலாம். அந்தக் கோடு தவறாகவும் போகலாம். அடுத்த வாரம் இன்னொரு கிணற்றைப் பார்த்ததும் அதை அழித்து நகர்த்த வேண்டியிருக்கும். அழித்து நகர்த்தியதைக் குறிப்பேட்டில் காரணத்தோடு எழுதி வைக்கும் மாணவரைப் பார்த்தால், இவர் தேறிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வரும்.

குறிப்பேடு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுவது இந்தத் துறையின் முதல் ஒழுங்கு. சொல்வது எளிது, செய்வது கடினம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு அருகே உள்ள ஓடைக்காடு இதற்கு நல்ல சோதனைக்களம். செடிகொடி அதிகம் இல்லாத களிமண் மேடுகளை மழை அரித்து அரித்து வரிவரியாகப் பிளந்து வைத்திருக்கிறது. தரையெல்லாம் வெயிலில் மின்னும் ஜிப்சத் துண்டுகள். முதல் முறை பார்க்கும் மாணவர் குறிப்பேட்டில் எழுதுவது பெரும்பாலும் இதுதான்: "கடல் வற்றி ஜிப்சம் படிந்துள்ளது." பாடப்புத்தகத்தில் ஜிப்சம் ஆவியாதல் படிவு என்ற தலைப்பில் வருகிறது, அதனால் அப்படி.

குனிந்து பார்த்தால் கதை மாறுகிறது. ஜிப்சம் பல இடங்களில் களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நரம்பு நரம்பாக ஓடுகிறது. வெட்டுகிற எதுவும் வெட்டப்படுவதைவிடப் பிந்தியது. அப்படியானால் அந்த நரம்புகள் களிமண் படிந்து, இறுகி, விரிசல் விட்ட பிறகு வந்தவை. அதே களிமண்ணில் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் பெலம்னைட்டுகள் கிடைக்கின்றன, அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. இரண்டும் கணவாய் இனத்தின் பழைய உறவுகள். வற்றிப்போன உப்புக் குட்டையில் அவை வாழ்ந்திருக்க முடியாது. சரி, அப்படியானால் ஜிப்சத்துக்குத் தேவையான சல்பேட் எங்கிருந்து வந்தது? கடலடிச் சேற்றில் உருவாகும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் பின்னாளில் காற்றும் நீரும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கந்தக அமிலம் பிறக்கும். அது சிப்பிகளின் கால்சியம் கார்பனேட்டோடு வினைபுரிந்தால் ஜிப்சம் வரும். இது ஒரு கருதுகோள். இதைச் சோதிக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று மாணவரே ஒரு பட்டியல் போடத் தொடங்கும்போது பயிற்சி ஆய்வாக மாறிவிடுகிறது. களத்தில் எழுத வேண்டியது "ஜிப்சம் நரம்பு, இத்தனை சென்டிமீட்டர் தடிமன், அடுக்கை இத்தனை பாகையில் வெட்டுகிறது" என்பது மட்டுமே. கடல் வற்றியதா இல்லையா என்பதற்குப் பக்கத்தில் வேறு பத்தி ஒதுக்க வேண்டும்.

காரையிலிருந்து அதிக தூரமில்லாத சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. கடற்சிப்பிகள் நிறைந்த படிவுகளுக்கு நடுவே நிலத்து மரம் எப்படி என்று கேட்பவர்களைவிட, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களே அதிகம். கரையிலிருந்து அடித்துவரப்பட்டு மிதந்து மூழ்கிய மரம் என்பது வழக்கமான விளக்கம்.

ஊகம் முந்திக்கொண்டால் என்னவாகும் என்பதற்கு 2020 அக்டோபரில் ஓர் உதாரணம் கிடைத்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கச் செய்தி. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றிப் படிவு இறுகி உருவான உருண்டைகள் என்று சொன்னார்கள். செத்த உயிரைச் சுற்றி வேதிச் சூழல் மாறி, அந்த இடத்தில் மட்டும் படிவு முதலில் கெட்டிப்படும். அதனால் வரும் உருண்டை வடிவம். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும், ஓட்டுக்கு நுண்ணோக்கியில் தெரியும் தனி அமைப்பு இருக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் போதாது.

ஆனால் அந்தப் பகுதியில் டைனோசர் இல்லாமல் இல்லை. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு அருகே கிடைத்த பெரிய எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். முன்காலின் கீழெலும்பு, இடுப்பெலும்பு, தொடை எலும்பின் ஒரு பகுதி, வால் முள்ளெலும்பு, இரண்டு மீட்டர் நீளம் என்று சொல்லப்பட்ட முழங்கால் கீழெலும்பு. முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு மற்றவர்கள், இல்லை, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்றார்கள். சிலர் இது எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம் என்றுகூட ஐயப்பட்டார்கள். எடுத்துப் பார்த்துச் சண்டையைத் தீர்க்க எலும்பு இல்லை. ஈரத்தில் களத்திலேயே உதிரத் தொடங்கிய எலும்புகள் கடைசியில் இல்லாமலே போய்விட்டன. 2022இல் பழைய களப் புகைப்படங்கள் வெளியான பிறகுதான் அது எலும்பு என்ற தரப்புக்கு வலு கூடியது. உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய உயிர், சில கோட்டோவியங்களிலும் சில படங்களிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில், அந்தச் சேற்றில், அந்த வசதியோடு வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் படத்தில் அளவுகோல் வைப்பது, ஒவ்வொரு கோணத்திலும் எடுப்பது, இடத்தைத் துல்லியமாகக் குறிப்பது, எலும்பைப் பிளாஸ்டர் கட்டு போட்டு எடுப்பது எல்லாம் எதற்கு என்று முதலாண்டு மாணவர் கேட்டால் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது.

களத்திலிருந்து ஆய்வகம். இங்கே பயிற்சி முழுக்கக் கையில்தான். பாறையிலிருந்து சில்லு அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்போரண்டம் பொடியில் தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டு வர வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்குக் குவார்ட்ஸ் வழிகாட்டும். நுண்ணோக்கியின் குறுக்கு முனைவாக்க ஒளியில் அது மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிமன், சாம்பல் கலந்த வெள்ளைக்கு வந்தால் சரி. இன்னும் நாலு தேய் தேய்க்கலாம் என்று ஆசைப்பட்டால் கண்ணாடியில் ஒன்றும் மிஞ்சாது.

காரைக் களிமண்ணில் நுண்ணுயிர்ப் புதைபடிவம் பார்க்க வேண்டுமானால் வேறு பொறுமை தேவை. களிமண்ணை ஊறவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் குலைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, காயவைக்க வேண்டும். மிஞ்சும் மணல்போன்ற பொடியைத் தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழே, நனைத்த மிக மெல்லிய தூரிகையின் நுனியால் ஃபொராமினிஃபெரா எனும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு முந்நூறு என்பது வழக்கமான கணக்கு. முப்பது மாதிரி என்றால் ஒன்பதாயிரம். அரிசியில் கல் பொறுக்குவது இதற்கு முன் விளையாட்டு. ஆனால் எந்த இனம் எந்த அடுக்கில் நின்றுபோகிறது, கடலடியில் ஆக்சிஜன் குறைந்ததா, நீர் ஆழமானதா என்பதெல்லாம் இந்தப் பொறுக்கலிலிருந்துதான் வருகிறது. பெரிய கருவிகள் அதற்கப்புறம்தான். ஐசோடோப்பு அளக்கும் கருவி பல துறைகளில் இல்லை. மாதிரியை வேறு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் படிப்பே முடிந்துவிடுவதும் உண்டு.

இந்தக் காத்திருப்பும் செலவும் எம்.எஸ்சி. ஆய்வேடுகளின் தலைப்பையே தீர்மானித்துவிடுகின்றன. ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டும், கையில் பணமில்லை, கல்லூரியில் இருப்பது நீர்ப் பகுப்பாய்வுக்கான சாமான்கள். ஆகவே ஏதாவது ஒரு வட்டத்தின் நிலத்தடி நீரின் தரம். கிணறுகளிலிருந்து மாதிரி, நீரில் கரைந்த உப்புகளின் விகிதத்தைக் காட்டும் பைப்பர் வரைபடம், வண்ணம் தீட்டிய மேப், "சில இடங்களில் நீர் குடிக்க உகந்ததல்ல" என்ற முடிவு. ஊர்ப்பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு தயார். வேலை பொய்யில்லை, அளவுகளும் சரியாகவே இருக்கலாம். கேள்விதான் இல்லை.

அதே பணத்தில், அதே கருவியில் கேள்வியோடும் செய்யலாம். தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அங்கே பழைய சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று வரம்பைத் தாண்டியும் மற்றொன்று தாண்டாமலும் இருந்தால், ஏன்? பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு வெளியேறுகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் இரண்டும் சேர்ந்து ஃபுளோரைட் கனிமமாகப் படிந்துவிடும். பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் ஃபுளோரைடு கரைந்தே கிடக்கும். ஆக, வரம்பைத் தாண்டிய கிணறு எந்தப் பாறை விரிசலில் நீர் எடுக்கிறது, தாண்டாதது எதில் என்று பார்க்கப் போனால் அது வரைபட வேலையாகிவிடும். எண்ணிக்கையை ஐம்பதிலிருந்து ஐந்து கிணறாகக் குறைத்தாலும் பரவாயில்லை, காரணம் தேடினால் அதுதான் ஆய்வு என்பது என் கட்சி. ஐம்பது இல்லாவிட்டால் புள்ளிவிவரம் நிற்காது என்று வாதாடும் ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கவனமாகச் செய்த பழைய வேலை எப்போது எதற்குப் பயன்படும் என்று சொல்லவே முடியாது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறைகளைப் பற்றி ஏ.பி. சுப்பிரமணியம் 1956இல் விரிவான ஆய்வு வெளியிட்டார். மனிதன் நிலவில் இறங்க இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. நிலவின் வெளிறிய மேட்டுநிலங்கள் பெருமளவு அனார்த்தோசைட் என்று அப்போலோ மாதிரிகள் பிற்பாடு காட்டின. சந்திரயான்-2இன் தரையிறங்கி, உலாவி இரண்டையும் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் துணையோடு சித்தம்பூண்டி, குன்னமலை பாறைகள் அரைக்கப்பட்டு டன் கணக்கில் பெங்களூரு போயின.

களப்பயிற்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்பதையும் பேச வேண்டும். தங்குமிடம், கழிப்பறை, பேருந்துக் கட்டணம், வீட்டார் அனுமதி எல்லாம் பெண்களுக்கு இருமடங்கு கேள்வியாக வருகின்றன. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்க வேலையில் சேர்ப்பதைத் தடுத்தே வைத்திருந்தது. நிபந்தனைகளோடு அந்த வாசல் திறந்தது 2019 ஜனவரியில்தான். வேலை கிடைக்காத இடத்துக்குப் பயிற்சி எதற்கு என்ற எண்ணம் துறைகளில் ஊறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். குழுவாகப் போய் ஆசிரியர் காட்டுவதைப் பார்த்துத் திரும்பும் சுற்றுலாவும், இரண்டு பேராக ஒரு சிறு பகுதியைத் தாமே வரைந்து முடிப்பதும் ஒன்றல்ல. பின்னது கிடைக்காத மாணவிகள் நிறையப் பேர்.

இன்னொரு பிரச்சினை, களமே கரைகிறது. ஒவ்வோர் ஆண்டும் வரும் ஒவ்வொரு அணியும் காரையில் பெலம்னைட் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறது. வீட்டு அலமாரியில் இடம் குறிக்காமல் கிடக்கும் புதைபடிவத்துக்கு ஆய்வு மதிப்பு ஒன்றும் கிடையாது. புவிமரபு இடங்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு மசோதா வரைவைக் கருத்துக் கேட்டு வெளியிட்டது. சட்டம் வரும்போது வரட்டும், எடுப்பதற்குமுன் படம், இடம், அடுக்கு மூன்றையும் பதிவு செய் என்ற விதியை எந்தத் துறையும் இன்றைக்கே போடலாம்.

சுரங்கங்கள் கதை வேறு. கல்லக்குடியிலும் கல்லங்குறிச்சியிலும் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் புதுப் புது வெட்டுமுகங்களைத் திறந்து காட்டுகின்றன. பல நல்ல ஆய்வுகள் அவற்றால்தான் சாத்தியமாயின. ஆனால் இந்த ஆண்டு மாணவர் அளந்த முகம் அடுத்த ஆண்டு சிமெண்டாகிவிட்டிருக்கும், அல்லது குழியில் தண்ணீர் நின்றிருக்கும். அந்த முகத்தைப் பற்றி உலகில் எஞ்சியிருப்பது அந்த மாணவரின் குறிப்பேடு ஒன்றுதான். நம் துறைகளில் அச்சிட்டுக் கட்டிய ஆய்வேட்டை நூலகத்தில் வைப்பார்கள், குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அது எடைக்குப் போய்விடும். குறிப்பேடுகளையும் மூல வரைபடங்களையும் ஸ்கேன் செய்து, ஜி.பி.எஸ். புள்ளிகளோடு சேர்த்து வைக்க ஒரு கணினியும் பொறுப்பான ஓர் ஆளும் போதும். அடுத்த அணி களத்துக்குப் போகுமுன் அவற்றைப் படித்துவிட்டுப் போகலாம். முந்தைய அணி போட்ட புள்ளிக்கோடு எந்தக் கிணற்றில் பொய்த்தது என்று தேடிப் பார்க்கலாம்.